பூச்சாடியை விற்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

புதுச்சேரியில் பழைய குடும்பங்கள் பலவற்றில் ஒரு பூச்சாடி உண்டு.

கூடத்தில், மர அலமாரியின் மேல் அது நிற்கும். நீல நிறமாக இருக்கும்; அல்லது ரோஜா நிறமாக இருக்கும். கழுத்தில் தங்கக் கோடு. வயிற்றில் பூங்கொத்து, அல்லது ஆடு மேய்க்கும் வெள்ளைக்காரப் பெண்ணின் படம்.

"இது ஏது?" என்று வீட்டாரைக் கேட்டால், "தாத்தா காலத்து ஜாடி" என்பார்கள். "பிரெஞ்சுக்காரன் ஜாடி" என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியாது.

ஒரு நாள், பழைய சாமான் வாங்குகிறவர் வருகிறார். ஓட்டை விசிறியை விலை கேட்கிறார். உடைந்த நாற்காலியை விலை கேட்கிறார். கடைசியில், போகிற போக்கில், "அந்த ஜாடியையும் கொடுத்து விடுங்களேன்" என்கிறார். அடிமாட்டு விலை ஒன்றைச் சொல்கிறார். ஜாடி சாக்கில் ஏறிப் போய்விடுகிறது.

அவர் விசிறிக்காகவும் நாற்காலிக்காகவும் வரவில்லை. ஜாடிக்காகத்தான் வந்தார் என்பது வீட்டாருக்குத் தெரிவதே இல்லை.

பழம்பொருளை விற்பது பாவம் அல்ல. மகளுக்குக் கல்யாணம் என்றால் விற்கத்தான் வேண்டும். ஆஸ்பத்திரிச் செலவு என்றால் விற்கத்தான் வேண்டும். ஆனால், தெரிந்து விற்க வேண்டும். தெரியாமல் விற்கக் கூடாது. இதுதான் நான் சொல்ல வருவது.

எப்படி வந்தது?

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு 1674-ம் ஆண்டில் வந்தார்கள். 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி ஆட்சியை இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். சட்டப்படியான இணைப்பு 1962-ம் ஆண்டு ஆகஸ்ட் 16-ந் தேதி நடந்தது.

இடையில் ஏறக்குறைய 280 ஆண்டுகள். அத்தனை காலமும் கப்பல்கள் வந்து போயின. துணியும் நீலமும் இங்கிருந்து போயின. ஒயின் பீப்பாய்களும், கண்ணாடிச் சாமான்களும், பீங்கான்களும் அங்கிருந்து வந்தன.

கவர்னர் வீட்டுக்கு மட்டுமா வந்தன? அதிகாரிகள் வீட்டுக்கு வந்தன. வியாபாரிகள் வீட்டுக்கு வந்தன. பிரெஞ்சு படித்து உத்தியோகம் பார்த்த தமிழர் வீட்டுக்கும் வந்தன.

இன்னொரு வழியும் உண்டு. புதுவை, காரைக்கால் மக்கள் பலர் அந்தக் காலத்தில் சைகோனுக்கு வேலைக்குப் போனார்கள். போலீசிலும், பட்டாளத்திலும், மற்ற உத்தியோகங்களிலும் இருந்தார்கள். திரும்பி வரும்போது பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டு வந்தார்கள். சைகோனுக்குப் பக்கத்தில் பியன் ஹோவா என்று ஓர் ஊர். அங்கே பிரெஞ்சுக்காரர்கள் 1903-ம் ஆண்டில் ஒரு கைத்தொழில் பள்ளிக்கூடம் வைத்தார்கள். மண் ஜாடிகளுக்கு அது பெயர் பெற்றது. ஆகவே உங்கள் வீட்டு "பிரெஞ்சு ஜாடி" சைகோன் பக்கத்து ஜாடியாகவும் இருக்கலாம்! அதனால் மதிப்பு குறைந்துவிடாது. அதற்கும் தனி மதிப்பு உண்டு.

துப்ளே வீட்டு ஜாடியா?

"இது துப்ளே துரை வீட்டு ஜாடி" என்று சொல்லி விற்கிறவர்கள் உண்டு. நம்பி வாங்குகிறவர்களும் உண்டு.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

துப்ளே 1742 முதல் 1754 வரை இங்கே கவர்னராக இருந்தார். 1761-ம் ஆண்டில் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்தார்கள். கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். அந்த இடிபாட்டில் ஒரு பீங்கான் ஜாடி பிழைத்திருக்குமா? பிழைத்திருந்தால் அது அதிசயம்!

பிரான்சில் மிகவும் பேர் போன பீங்கான் ஆலை "செவ்ர்" ஆலை. முதலில் அது வின்சேன் என்ற ஊரில் 1740-ம் ஆண்டில் தொடங்கியது. 1756-ம் ஆண்டில்தான் செவ்ர் என்ற ஊருக்குப் போயிற்று. 1759-ம் ஆண்டில் மன்னர் 15-ம் லூயி அதைத் தமக்கே சொந்தமாக்கிக் கொண்டார்.

துப்ளே இந்தியாவை விட்டுப் போனது 1754-ல். ஆலை செவ்ருக்கு வந்தது 1756-ல். அப்படியானால், "துப்ளே புதுச்சேரியில் வைத்திருந்த செவ்ர் ஜாடி" என்பது எப்படி நிஜமாகும்?

அதன் பிறகும் புதுச்சேரி கை மாறிக் கொண்டே இருந்தது. 1816-ம் ஆண்டில்தான் அது நிரந்தரமாகப் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பி வந்தது. ஆகவே, நம் வீடுகளில் உள்ள ஜாடிகளில் பெரும்பாலானவை 1816-க்குப் பிறகு வந்தவையாகத்தான் இருக்கும்.

இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. நூறு, நூற்றைம்பது ஆண்டு என்பது சின்ன வயதா என்ன? பொய்யான முந்நூறு ஆண்டை விட, மெய்யான நூறு ஆண்டு மேல்.

மண்ணா, பீங்கானா?

"எல்லாம் பீங்கான்தானே?" என்று கேட்பீர்கள். இல்லை. இரண்டு பெரிய வகை உண்டு.

ஒன்று, சுட்ட மண் ஜாடி. செம்மண் அல்லது மஞ்சள் மண்ணைச் சுட்டு, அதன் மேல் வெள்ளை மெருகு பூசி, படம் எழுதுவார்கள். பிரெஞ்சில் இதற்கு "ஃபையான்ஸ்" என்று பெயர். நெவேர், ரூவான், கேம்பேர் ஆகிய ஊர்கள் இதற்குப் பெயர் பெற்றவை. லோங்வி என்ற ஊரில் 1798-ல் ஓர் ஆலை தொடங்கினார்கள். 1870-களில் இருந்து அங்கே ஒரு புது வகை செய்தார்கள். கறுப்புக் கோடு இட்டு, கோட்டுக்குள் பளபளப்பான நீலமும் பச்சையும் நிரப்பிய ஜாடி அது. கையால் தடவினால் வர்ணம் மேடு மேடாகத் தட்டுப்படும்.

மற்றொன்று, அசல் பீங்கான். இதற்கு "கயோலின்" என்ற வெள்ளைக் களிமண் வேண்டும். சீனர்களுக்கு நெடுங்காலமாக இந்த ரகசியம் தெரியும். ஐரோப்பியருக்குத் தெரியவில்லை. பிரான்சில் லிமோஷ் என்ற நகருக்குப் பக்கத்தில் 1768-ம் ஆண்டில் இந்த மண் கிடைத்தது. 1771-ல் லிமோஷில் ஆலை வைத்தார்கள். இன்றைக்கும் லிமோஷ் என்றாலே பீங்கான்தான்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டிலேயே பார்க்கலாம்.

ஜாடியைக் கவிழ்த்து, அடி விளிம்பைப் பாருங்கள். மெருகு படாத இடம் அங்கே இருக்கும். அது சிவப்பாகவோ, மஞ்சளாகவோ, சொரசொரப்பாகவோ இருந்தால் மண் ஜாடி. வெள்ளையாக, வழவழப்பாக இருந்தால் பீங்கானாக இருக்கலாம்.

இருட்டறையில், ஜாடிக்குள் ஒரு சிறு டார்ச் விளக்கை விடுங்கள். மெல்லிய பீங்கான் என்றால் வெளிச்சம் வெளியே கசியும். மண் என்றால் கசியாது.

விரல் நுனியால் மெல்லத் தட்டுங்கள். மணி போல் ஒலித்தால் நல்லது. "டொக்" என்று செத்த ஓசை வந்தால், எங்கோ விரிசல் இருக்கலாம்.

முத்திரையும் பித்தலாட்டமும்

ஜாடியின் அடியில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டுக்குச் சுழி எப்படியோ, ஜாடிக்கு முத்திரை அப்படி.

செவ்ர் ஆலையின் பழைய முத்திரை, ஒன்றோடொன்று பின்னிய இரண்டு "எல்" எழுத்துகள். லூயி மன்னரின் பெயர் எழுத்து அது. நடுவில் இன்னோர் எழுத்து இருக்கும். "ஏ" என்றால் 1753. "பி" என்றால் 1754. இப்படி ஆண்டுக்கு ஓர் எழுத்து.

"ஆகா! எங்கள் ஜாடியில் இரண்டு எல் இருக்கிறதே!" என்று துள்ளாதீர்கள். உலகத்திலேயே அதிகமாகப் போலி செய்யப்பட்ட முத்திரைகளில் அதுவும் ஒன்று. பாரிசில் சாம்சோன் என்ற கம்பெனி 1845-ல் தொடங்கியது. பழைய ஜாடிகளைப் பார்த்து அப்படியே புதிது செய்வதுதான் அதன் தொழில். அந்த நகல்களுக்கே இன்று வயதாகிவிட்டது. அவற்றையும் விரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

"ஃபிரான்ஸ்" என்று நாட்டின் பெயர் முத்திரையில் இருந்தால், அந்த ஜாடி பெரும்பாலும் 1891-க்குப் பிறகு செய்ததாக இருக்கும். ஏன்? அயல்நாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் ஒரு சட்டம் போட்டது. மறு ஆண்டில் அது அமலுக்கு வந்தது. சட்டம் போட்டது அமெரிக்கா. அது நமக்குக் காலத்தைக் காட்டிக் கொடுக்கிறது!

மெருகில் சிலந்தி வலை போலக் கோடு இருந்தால், "பழசு" என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அதையும் போலியாகச் செய்யலாம். தேயிலைத் தண்ணீரில் ஊற வைத்துக் கோட்டைப் பழுப்பாக்குகிற ஆட்கள் உண்டு.

அடியில் ஓட்டை இருந்தாலும் கவனியுங்கள். மின்சார விளக்கு வந்தபோது, பல நல்ல ஜாடிகளைத் துளை போட்டு விளக்குத் தண்டு ஆக்கிவிட்டார்கள். துளை விழுந்தால் விலை விழுந்தது.

அரிக்கமேடு சொல்லும் பாடம்

"ஓர் உடைந்த ஜாடிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று சிலர் சிரிப்பார்கள். அவர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். கட்டுக்கதை அல்ல. நடந்த கதை.

1944-ம் ஆண்டு. இந்தியத் தொல்பொருள் இலாகாவின் தலைவராக மார்ட்டிமர் வீலர் வந்தார். சென்னை மியூசியத்தில் ஓர் அலமாரியைப் பார்த்துக் கொண்டிருந்தார். அங்கே ஒரு ஜாடியின் உடைந்த துண்டு கிடந்தது. அவர் அதைக் கண்டதும் திகைத்துப் போனார். அது ரோமாபுரிக்காரர்கள் ஒயின் ஊற்றி வைக்கும் ஜாடி!

எங்கே கிடைத்தது என்று விசாரித்தார். புதுச்சேரிக்குப் பக்கத்தில், அரிக்கமேடு என்றார்கள். புதுச்சேரிக்கு ஓடி வந்தார். இங்கே பொது நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிகளில் இன்னும் பல ஓடுகள் இருந்தன. இத்தாலியில் அரெத்சோ என்ற ஊரில் செய்த சிவப்புத் தட்டுகளின் துண்டுகள் அவை. சிலவற்றில் குயவரின் முத்திரை பதிந்திருந்தது.

அந்த வகைத் தட்டு எந்தக் காலத்தில் செய்தது என்பது முன்பே தெரியும். ஏறக்குறைய 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன். ஆகவே அதோடு சேர்ந்து கிடைத்த நம் ஊர்ப் பானைகளின் காலமும் தெரிந்தது. 1945-ல் வீலர் அங்கே அகழ்ந்து பார்த்தார். தென்னிந்தியாவில் பழம்பொருள்களுக்குக் காலம் குறிக்க, அந்த ஓடுகள் அளவுகோல் ஆயின.

கவனியுங்கள். தங்கம் அல்ல. வைரம் அல்ல. உடைந்த ஓடு!

அந்த ஓடு இன்ன இடத்தில் கிடைத்தது என்று யாரோ குறித்து வைத்தார்கள். யாரோ பத்திரமாக வைத்தார்கள். அதனால்தான் அது பேசியது. குறிப்பு இல்லாவிட்டால் அதுவும் வெறும் ஓடுதான்.

உங்கள் ஜாடிக்கும் இதே நியாயம்தான். "எங்கள் கொள்ளுத் தாத்தா இன்ன ஆண்டில் சைகோனில் இருந்து கொண்டு வந்தது" என்று எழுதி வைத்த ஜாடி வேறு. ஊர் பேர் தெரியாத ஜாடி வேறு. சாக்கில் ஏறிப் போகும்போது ஜாடி மட்டும் போவதில்லை. கதையும் போகிறது. ஜாடி என்றாவது திரும்பி வரலாம். கதை திரும்பி வராது.

அந்நியன் பொருள் அல்லவா?

"நம்மை அடக்கி ஆண்டவனுடைய ஜாடியை நாம் ஏன் கட்டிக் காக்க வேண்டும்?" என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான்.

நான் ஒரு பதில் கேள்வி கேட்கிறேன். அந்த ஜாடிகளுக்கு விலை கொடுத்தது எது?

புதுச்சேரியின் பெரிய சரக்கு நீலத் துணி. நம் நெசவாளர்கள் நெய்தது. நம் சாயக்காரர்கள் அவுரி நீலத்தில் தோய்த்தது. "கினே" என்று பிரெஞ்சுக்காரர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தத் துணி கப்பல் ஏறி ஆப்பிரிக்காவில் செனகல் நாடு வரை போயிற்று. அங்கே பிசின் வாங்குவதற்கு அதைப் பணம் போலவே கொடுத்தார்கள்! பிற்காலத்தில் இங்கே நூல் ஆலைகள் வந்தன. அவற்றிலும் நம் தொழிலாளிகள்தான் வியர்வை சிந்தினார்கள்.

துணி போயிற்று, பணம் வந்தது. பணம் கொழுத்த வீடுகளில் பூச்சாடி வந்து உட்கார்ந்தது. ஜாடியைச் செய்தவன் பிரெஞ்சுக்காரன். அதற்கு விலை தந்த உழைப்பில் நம் உழைப்பும் உண்டு. அப்படி இருக்க, அதைக் காப்பது அடிமைத்தனம் அல்ல. கணக்குப் புத்தகத்தைக் காப்பது போன்றது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய அரசு 1972-ல் தொல்பொருள், கலைச் செல்வச் சட்டம் கொண்டு வந்தது. 1976-ல் இருந்து அது அமலில் இருக்கிறது.

நூறு ஆண்டு நிறைந்த கலைப்பொருளை அந்தச் சட்டம் தொல்பொருள் என்கிறது. தொல்பொருளைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. அனுப்பினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு, அபராதமும் உண்டு. தொல்பொருள் வியாபாரம் செய்கிறவருக்கு லைசென்ஸ் வேண்டும்.

ஆகவே, வாங்க வருகிறவரை, "லைசென்ஸ் இருக்கிறதா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பு இல்லை. நாணயமான வியாபாரி எடுத்துக் காட்டுவார். மற்றவர் நடையைக் கட்டுவார். யோக்கியர் யார் என்று அப்போதே தெரிந்துவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்ப ஆசைப்படுகிறவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். ஐயம் இருந்தால், தொல்பொருள் இலாகாவிடம் காட்டி, "இது தொல்பொருள் அல்ல" என்று சான்று வாங்கிய பிறகே அனுப்ப வேண்டும்.

எப்படிக் காப்பது?

ஜாடியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கை அடியில், ஒரு கை இடுப்பில். கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்குங்கள்.

சபீனாவும் நாரும் போட்டுத் தேய்க்காதீர்கள். தங்கக் கோடு போய்விடும். வெந்நீர் ஊற்றாதீர்கள். சலவைப் பவுடர் வேண்டாம். மெல்லிய துணியால் தூசியைத் துடைத்தால் போதும்.

ஆடுகிற ஸ்டூலில் வைக்காதீர்கள். சன்னல் ஓரம் வேண்டாம். கடற்காற்று அடித்தால் திரைச்சீலையே தள்ளிவிடும்.

உடைந்துவிட்டதா? கண்ட பசையைப் போட்டு ஒட்டாதீர்கள். துண்டுகளைப் பொறுக்கி, துணியில் சுற்றி, ஒரு பெட்டியில் வையுங்கள். பிறகு தெரிந்தவரிடம் காட்டலாம்.

எல்லாவற்றிலும் முக்கியம் ஒன்று. இன்று மாலையே வீட்டில் மூத்தவரைக் கேளுங்கள். "இந்த ஜாடி யார் வாங்கியது? எங்கே? எப்போது?" அவர் சொல்வதை அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். எழுதப் பழகும் பெண்டுகளும் பிள்ளைகளும் எழுதட்டும். நாலு வரி போதும். ஜாடியைப் படம் பிடித்து, தாளோடு சேர்த்து வையுங்கள். மூத்தவர்கள் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

அரசு என்ன செய்யலாம்?

புதுச்சேரியில் செயின்ட் லூயி வீதியில் அரசு மியூசியம் இருக்கிறது. அரிக்கமேட்டுப் பொருள்களும், பிரெஞ்சுக் காலத்து நாற்காலி மேசைகளும் அங்கே உண்டு. ஊருக்கு அது பெருமை.

ஆனால், மக்கள் மியூசியத்துக்குப் போய்ப் பார்ப்பது மட்டும் போதாது. மக்கள் வீட்டுப் பொருளை மியூசியம் பார்க்க வேண்டும்.

கண் முகாம் நடத்துகிறோம். ரத்த தான முகாம் நடத்துகிறோம். ஆண்டுக்கு ஒரு நாள் பழம்பொருள் முகாம் நடத்தினால் என்ன? ஜாடியோ, தட்டோ, கடிகாரமோ, மக்கள் கொண்டு வந்து காட்டட்டும். தெரிந்தவர்கள் பார்த்து, "இது இன்ன ஊர், இன்ன காலம்" என்று சொல்லட்டும். படம் எடுத்து, ஒரு பதிவேட்டில் எழுதட்டும். பொருளை வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுத்து விடட்டும். "பிடுங்கிக் கொள்வார்கள்" என்ற பயம் போனால்தான் மக்கள் வருவார்கள்.

இதில் தொழிலும் இருக்கிறது. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் கலையில் வல்லவரான முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் மண்பாண்டக் கூடத்தில் வெளியூர்க் கலைஞர்கள் வந்து பயின்றிருக்கிறார்கள். நம் ஊரில் மண்ணும் உண்டு, கையும் உண்டு. பழைய ஜாடிகளை நம் குயவர் பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்த்தால், புதிய ஜாடிகள் பிறக்கும்.

ஜாடியைச் சேகரிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் வாங்குங்கள். தாராளமாக வாங்குங்கள். ஆனால் நியாய விலை கொடுங்கள். கூடவே, அந்த வீட்டாரின் கதையையும் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள். கதை தெரியாத ஜாடியை எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். கதை தெரிந்த ஜாடி உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

பழைய சாமான்காரர் நாளைக்கும் வருவார். "அந்த ஜாடி என்ன விலை?" என்று கேட்பார்.

"முதலில் நாங்கள் விசாரித்துக் கொள்கிறோம். அப்புறம் வாருங்கள்" என்று சொல்லுங்கள்.

அவசரம் அவருக்கு. உங்களுக்கு அல்ல.